எமிலின் கல்லறை தேடி எளாவூர் வரை

1

சென்ற ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், மான்செஸ்டர் நகரில் யூதர்களின் தொழுகைக்கூடத்தை ஒட்டிய சிறு மண்டபத்தில், ஏறத்தாழ நாற்பது பேர் நடுவே யூதன் அல்லாதவன் நான் ஒருவனே அமர்ந்திருந்தேன். வரும் கோடையில் லித்துவேனியாவுக்கும் போலந்துக்கும் சென்று முன்னோர் புதைக்கப்பட்ட இடங்களைக் கண்டுவர ஒரு பயணக்குழுவை அனுப்புவதா வேண்டாமா என்பது அன்றைய பேசுபொருள். அது கடமை என்றனர் ஒரு சாரார். அது பயண முகவர்கள் கண்டுபிடித்த கடமை என்றனர் மற்றொரு சாரார். பேச்சு சூடேறியபோது, என் பக்கத்தில் இருந்த ரூத் அம்மையார் தம் கைத்தடியால் என்னைச் சுட்டினார்.

"இவரைக் கேளுங்கள். என் தாய்மாமன் கல்லறையைத் தேடி இந்தியாவுக்கு என்னோடு வந்தவர் இவர்தான். நான் சொன்னால் உணர்ச்சிவயப்பட்டுச் சொல்வதாக நினைப்பீர்கள். இவர் எதையும் எளிதில் நம்பாதவர்."

நான் எழுந்தேன். முப்பத்தாறு ஆண்டுகள் கல்லூரி வகுப்பறையில் தமிழ் நடத்தியவனுக்கு அன்று வாய் வரவில்லை. இந்நாட்டு மொழியில் எனக்கு இலக்கணம் உண்டு, விரைவு இல்லை. "அது சற்று நீண்ட செய்தி" என்று மட்டும் சொல்லி அமர்ந்துவிட்டேன். சிலர் நாகரிகமாகச் சிரித்தனர். தலைவர் அடுத்தவரைப் பேச அழைத்தார்.

அங்கே சொல்ல இயலாததை இங்கே என் மாவட்டத்து மக்களுக்கு எழுதுகிறேன். அந்த மண்டபத்தாருக்கு நம் வழக்கம் ஒன்றை முதலில் விளக்கி, பின்னர் அதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டுதான் நான் மேலே செல்ல இயலும். உங்களிடம் அந்தத் தொல்லை இல்லை.

2

ரூத் அம்மையார் என் அண்டை வீட்டார். எண்பதைத் தொட்டவர். மனைவி மறைந்தபின் மகன் வீட்டோடு இருந்துவிடலாம் என்று நான் இங்கு வந்து பதினோராண்டுகள் ஆகின்றன. வந்த புதிதில் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது குளிரன்று; குப்பைத் தொட்டிகள்தாம். தாளுக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, சமையற் கழிவுக்கு ஒன்று என நான்கு நிறங்களில் நிற்கும். எந்தக் கிழமையில் எந்த நிறம் தெருவுக்கு வரவேண்டும் என்பதற்கு நகராட்சி ஓர் அட்டவணை அனுப்பும். நான் ஒருமுறை நிறம் மாற்றி வைத்துவிட, எச்சரிக்கைச் சீட்டு ஒட்டிச் சென்றார்கள். அதைக் கிழித்தெறிந்துவிட்டு, சரியான தொட்டியை இழுத்து வைத்து, "இந்த நாட்டில் குடியுரிமைத் தேர்வே இதுதான்" என்றவர் ரூத் அம்மையார். எங்கள் நட்பு அங்கே தொடங்கியது.

என் பேரனுக்கு ஆதவன் என்று பெயரிட்டவன் நான். பள்ளியில் அவன் 'ஆடி' ஆகிவிட்டான். தமிழில் அழைத்தால் தன்னைத்தான் அழைக்கிறேன் என்பது அவனுக்கு உறைக்கச் சிறிது நேரம் ஆகும். ஒருநாள் பள்ளியில் குடும்ப மரம் வரைந்துவரச் சொல்லியிருந்தார்கள். ஒவ்வொரு பெயருக்கும் கீழே 'அடக்கம் செய்யப்பட்ட இடம்' என்று ஒரு கட்டம். என் தந்தையாரின் கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஆங்கிலத்தில் கேட்டான். எரித்தோம், சாம்பலைப் பழவேற்காட்டு முகத்துவாரத்தில் கரைத்தோம் என்றேன். "அப்படியென்றால் இடம் இல்லை" என்று சொல்லிக் கட்டத்தில் ஒரு கோடு போட்டுவிட்டுப் போய்விட்டான்.

இதை நகைச்சுவையாக ரூத் அம்மையாரிடம் சொன்னேன். அவர் நகைக்கவில்லை.

"எங்கள் மரத்தில் எல்லாக் கட்டத்திலும் கோடுதான்" என்றார். அவருடைய தாயார் போருக்கு முன்பே வீட்டுப் பணிப்பெண்ணாக இங்கிலாந்து வந்து உயிர் பிழைத்தவர். தாயாரின் பெற்றோர், தங்கையர், அத்தைமார் அனைவரும் நாஜிகளால் கொல்லப்பட்டனர். எவருக்கும் கல்லறை இல்லை. "ஒருவரைத் தவிர" என்றார். "என் தாயாரின் அண்ணன் எமில். அவர் உங்கள் நாட்டில் இறந்தார்."

மறுநாள் ஒரு கடிதத்தை எடுத்து வந்தார். எமில் நில அளவையர். அகதியாக இந்தியா வந்து, அரசுப் பணி ஒன்றில் நிலம் அளக்கச் சேர்ந்தவர். காய்ச்சலில் இறந்தார் என்று உடன் பணியாற்றிய ஆங்கிலேயர் ஒருவர் தங்கைக்கு எழுதிய கடிதம் அது. சென்னைக்கு வடக்கே பெரிய உப்பேரிக்கு அருகில், ஓர் உழவர் தம் சொந்த வயலின் மூலையில் இடம் கொடுத்தார், மரியாதையோடு அடக்கம் செய்தோம் என்று எழுதியிருந்தது. ஊர்ப்பெயர் ஆங்கில எழுத்தில் சிதைந்திருந்தாலும் எளாவூர் என்பதில் எனக்கு ஐயம் எழவில்லை. நான் பிறந்த சிற்றூரிலிருந்து அது ஒரு மணிநேர நடை.

"உங்கள் ஊர் இதற்கு அருகிலா?" என்று கேட்டார்.

கடிதத்தை மறுபடியும் படித்தேன். இவ்வளவு பொருத்தமான தற்செயலை என்னால் எளிதில் ஏற்க முடிவதில்லை.

3

என் ஐயங்களை ஒளிக்க மாட்டேன். எங்கள் வீட்டில் சுடுகாட்டிலிருந்து திரும்பிப் பாராமல் வருவதே வழக்கம். இறந்தவரை அந்த இடத்தில் போய்த் தேடுவது எனக்குப் பழக்கமில்லாத செயல். தவிரவும், கல்வெட்டுகளைப் படியெடுத்துப் படிப்பதில் என் வாழ்நாளில் பாதியைச் செலவிட்டவன் நான். கேட்பவன் எதை விரும்புகிறானோ அதையே கல்லில் படித்துக் காட்டும் கெட்டிக்காரர்களை நிறையக் கண்டிருக்கிறேன்.

ரூத் அம்மையாரின் நண்பர்கள் சொன்ன கதைகளும் அந்த ஐயத்தை வளர்த்தன. ஒருவர் லித்துவேனியாவில் ஒரு கல்லின்முன் மண்டியிட்டு அழுதுவிட்டு வந்தார். படத்தைப் பார்த்த எபிரேயம் அறிந்தவர், அது வேறொரு குடும்பத்துப் பெண்மணியின் கல் என்றார். வழிகாட்டியைத் தொலைபேசியில் கேட்டபோது, "நீங்கள் அவ்வளவு தொலைவிலிருந்து வந்தீர்கள், வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை" என்றானாம். அந்த விடையைக் கேட்டு எனக்குச் சினம் வரவில்லை, அச்சமே வந்தது. எங்கள் பக்கத்தில் வழி கேட்டவனுக்கு 'தெரியாது' என்று சொல்பவர் அரிது. தவறான வழியையாவது அன்போடு காட்டி அனுப்புவோம்.

ஆகவே ஒரு சோதனை வைத்தேன். எளாவூருக்கு அருகில் வாழும் என் சிற்றன்னை மகன் கோதண்டத்தைத் தொலைபேசியில் அழைத்து, ஏரிப்பக்கம் வெள்ளைக்காரர் ஒருவரைப் புதைத்த இடம் உண்டா என்று மட்டும் கேட்டேன். அவர் நில அளவையர் என்பதையோ, யூதர் என்பதையோ, பெயரையோ சொல்லவில்லை. உண்மையான இடமானால் அவற்றில் ஒன்றேனும் அங்கிருந்து தானாக வரவேண்டும்.

ஒரு மணிநேரத்தில் கோதண்டம் திரும்ப அழைத்தான்.

"அண்ணா, கெடச்சிருச்சுண்ணா!"

"எழுபது எண்பது ஆண்டுக்கு முந்தைய புதைகுழி ஒரு மணிநேரத்தில் எப்படியடா கிடைக்கும்?"

"கேட்டேன், சொல்லிட்டாங்கோ. கெடைக்கலன்னாலும் திட்டுவே, கெடைச்சாலும் திட்டுறியே! இன்னாண்ணா உன்னோட பேஜாரு?"

"யார் சொன்னார்கள்?"

"ஊரே சொல்லுது. நீ மொதல்ல அந்தம்மாவ இட்டுக்கினு வா."

என் ஐயம் இருமடங்காயிற்று. ரூத் அம்மையாரிடம், "இடம் இருப்பதாகச் சொல்கிறார்கள், நான் நம்பவில்லை" என்றேன்.

"நீங்கள் நம்பாமலே வாருங்கள்" என்றார். "எனக்கு வேண்டியது அப்படிப்பட்ட துணைதான். நான் நம்பிவிடுவேன் என்று எனக்கே பயமாக இருக்கிறது."

4

நுழைவிசைவுப் படிவத்தைக் கணினியில் நிரப்புவதற்கே மூன்று மாலைகள் ஆயின. பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலா, மருத்துவம், வணிகம், மாநாடு என்றிருந்தன. கல்லறை இல்லை. 'இந்தியாவில் உறவினர் உண்டா' என்ற கேள்விக்கு 'உண்டு' என எழுதட்டுமா என்று ரூத் அம்மையார் கேட்டார். எழுதினால் அவருடைய முகவரியும் கேட்பார்கள் என்றேன். சுற்றுலா என்றே போட்டோம்.

தைக்குப் பின்னர், நடவு முடிந்து பச்சை பிடித்திருந்த நாள்களில் சென்னை வந்து சேர்ந்தோம். மறுநாள் காலை கோதண்டம் வாடகை வண்டியோடு வந்தான். "மகிழுந்தை நிழலில் நிறுத்தச் சொல்" என்றேன். ஓட்டுநர் என்னைப் பார்த்தார்.

"கார, காரச் சொல்றாருப்பா" என்றான் கோதண்டம். "அண்ணா, நீ ஊருல இருந்தப்பவே உன் தமிழு எங்களுக்குப் புரியாது. இப்போ லண்டன்லருந்து வந்து பேசினா நாங்க எங்க போறது?"

கவரைப்பேட்டையில் நாஷ்டா முடித்துக்கொண்டு, கொல்கத்தா நெடுஞ்சாலையில் சரக்கு வண்டிகளின் நடுவே வடக்கே சென்றோம். நான் மாணவனாக நடந்த இடங்களில் முள்வேலி போட்ட நெடுஞ்சுவர்களும் நீலத் தகரக் கூரைகளும் நின்றன. கோதண்டத்தின் மகன் தேர்வாய் கண்டிகையில் ஓர் ஆலையில் வேலை பார்க்கிறான். ஒவ்வொரு சுவரைக் கடக்கும்போதும் இது டயர், இது கம்பி, இது கண்ணாடி என்று உற்றார் வீடுகளைக் காட்டுவதுபோல் கோதண்டம் சொல்லிக்கொண்டு வந்தான். ரூத் அம்மையார் முள்வேலிகளையே பார்த்துக்கொண்டு வந்தார்.

எளாவூர்ச் சோதனைச்சாவடிக்குச் சிறிது முன்னரே கிழக்கே திரும்பி, வயல்களின் நடுவே ஒரு மண்பாதையில் வண்டி நின்றது.

5

வேம்பின் அடியில், இடுப்பளவு உயரத்தில் ஒரு மேடை. மேலே வெள்ளை ஓடு பதித்திருந்தது. சிலை இல்லை. நடுவில் துருப்பிடித்த இரும்புச் சங்கிலி ஒன்று பாம்புபோல் சுருண்டு, மஞ்சளும் குங்குமமும் பூசிக் கிடந்தது. எலுமிச்சம்பழங்கள், சுருட்டுகள், இரண்டு காலிப் புட்டிகள், கொத்தாகக் கட்டித் தொங்கவிட்ட கண்ணாடி வளையல்கள்.

ரூத் அம்மையார் புட்டிகளைப் பார்த்தார். "இது வழிபாடா?" என்றார்.

இதைத்தான் நான் அஞ்சினேன். அவர்கள் சமயத்தில் கடவுள் ஒருவரே. உருவத்துக்கும் படையலுக்கும் இடமில்லை. 'மரியாதை செலுத்துகிறார்கள்' என்று மழுப்பலாமா என எண்ணினேன். பிறகு, "ஆம்" என்றேன். "அயலூரிலிருந்து வந்து நோயிலோ விபத்திலோ இறந்தவர்களை இப்பக்கத்து மக்கள் வெறுமனே விட்டுவிடுவதில்லை. தெய்வமாக்கிக்கொள்வார்கள்."

அவர் மேடையின் பக்கம் திரும்பினார். "எமில், 'கடவுளே இல்லை' என்று சொல்லி என் தாத்தாவிடம் அடி வாங்கியவர்" என்றார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பை நிறுத்த அவருக்குக் கைத்தடி தேவைப்பட்டது.

அதற்குள் வயலிலிருந்து ஒரு பெண்மணி கைகளை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்தார். கன்னியம்மா. அறுபத்தைந்துக்கு மேலிருக்கும். இந்த இடத்துக்குப் படையல் போடுபவர். இவருடைய தந்தையார்தாம் வயல்மூலையில் இடம் கொடுத்த உழவர் என்று கோதண்டம் அறிமுகம் செய்தான்.

"தொரசானிம்மா யாரு, பேத்தியா?"

"தங்கச்சி பொண்ணு" என்றான் கோதண்டம்.

"அய்யே, அப்போ தாய்மாமன் ஊட்டுக்கு வந்துக்குதா! சீரு செய்ய வேண்டிய மாமன் கல்லாட்டம் படுத்துக்கினாரே!" என்றவர், தொங்கிய கொத்திலிருந்து இரண்டு பச்சை வளையல்களை உருவி, கேட்காமலே ரூத் அம்மையாரின் கையைப் பற்றி ஏற்றினார். "மாமன் ஊட்டு வளையலு. கயிட்டக் கூடாது, சொல்லு வாத்தியாரய்யா."

சொன்னேன். ஆனால் என் சோதனை இன்னும் முடியவில்லை. "இவருக்கு என்ன பெயர்?" என்று கேட்டேன்.

"சங்கிலிதொரசாமி."

"ஏன் அந்தப் பெயர்?"

"சங்கிலி போட்டு நெலம் அளந்தவராச்சே. அவரு ஒரு மொனைய புட்சிப்பாரு, எங்க நைனா மறு மொனைய புட்சிக்கினு ஓடும். ஏரிக்கரை பூரா ரெண்டு பேரும் அளந்துக்கினே திரிஞ்சாங்களாம். ஜொரம் வந்து எங்க ஊட்டுலதான் படுத்தாரு. இப்பவும் வரப்புச் சண்டைன்னா இங்கதான் பஞ்சாயத்து. சங்கிலியத் தொட்டுட்டு எவனும் பொய் சொல்ல மாட்டான். தாலுகா ஆபீஸ்ல சொல்லுவான், இங்க சொல்ல மாட்டான்."

நான் எவரிடமும் சொல்லாத செய்தி தானாக வந்துவிட்டது. அதை ரூத் அம்மையாரிடம் சொன்னேன். அவர் ஒரு கையால் மற்றொரு கையைப் பற்றிக்கொண்டார்.

கன்னியம்மா தொடர்ந்தார். "படையலுக்கு ஆட்டுக்கறி, கோயிக்கறி எல்லாம் எடுத்துப்பாரு. பன்னி மட்டும் ஆவாது. ஒரு தபா எவனோ வெச்சான், அன்னிக்கே சாமி வந்து ஆடித் தட்டி உட்டுருச்சு."

"விந்தையாக இருக்கிறது" என்றார் ரூத் அம்மையார். "என் தாயார் சொன்ன எமில் நண்பர்கள் வீட்டில் எதையும் விட்டுவைத்தவர் இல்லை."

யூதர்களுக்குப் பன்றி விலக்கப்பட்ட உணவு. இறந்தபின் அவருடைய ஒழுக்கம் கூடியிருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். ஆயினும் சங்கிலிச் சான்று வலுவானது. இவர்தாம் எமில். அதில் எனக்கு ஐயம் தீர்ந்தது.

6

ரூத் அம்மையார் தம் பையிலிருந்து கையடக்கமான வழிபாட்டு நூலை எடுத்தார். இறந்தோருக்கான வேண்டுதலைப் படிக்கவேண்டும். அதற்குத்தான் ஐயாயிரம் மைல் வந்தார். நூலைத் திறந்துவிட்டு என்னிடம் திரும்பினார்.

"தலை எந்தப் பக்கம்? காலடியில் நிற்க விரும்புகிறேன்."

இயல்பான கேள்வி. அதைக் கன்னியம்மாவிடம் கேட்டேன்.

இதுவரை தங்குதடையின்றிப் பேசிய அவர் ஒரு கணம் நின்றார். "சாமிக்குத் தலை ஏது, காலு ஏது, வாத்தியாரய்யா?"

அந்த ஒரு கணம் போதுமானதாக இருந்தது எனக்கு. மேடையை இப்போது கல்வெட்டுக்காரனின் கண்ணால் பார்த்தேன். வெள்ளை ஓடு புதிது. சிமெண்டுப் பூச்சில் ஒரு மழைக்காலத்துப் பாசிக்கு மேல் இல்லை. வேம்பும் இளமரம். கடிதத்தில் வயலின் மூலை என்றிருந்தது. இதுவோ பாதையோரப் புறம்போக்கு.

"இந்த மேடையை எப்போது கட்டினீர்கள்?"

"பிடிமண்ணு எடுத்தாந்து வெச்சப்போ."

பிடிமண். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை என்றேனே, அது இதுதான். இருந்த இடத்திலிருந்து ஒரு பிடி மண் எடுத்து வந்து வைத்தால், தெய்வம் முழுமையாக இங்கே வந்துவிட்டது. பழைய இடத்தில் மீதி எதுவும் இல்லை. எங்கள் குலதெய்வமே மூன்று தலைமுறைக்கு முன் அப்படி வந்தவள். அவள் பாதிதான் வந்தாள் என்று நாங்கள் ஒருநாளும் எண்ணியதில்லை.

"அப்படியென்றால் உடல்?" என்றேன்.

கன்னியம்மா கையை நீட்டினார். வயலுக்கு அப்பால் நெடுஞ்சுவரும், அதன் பின்னே நீலக் கூரைகளும் தெரிந்தன. பங்காளிகள் சேர்ந்து நிலத்தை விற்றுவிட்டார்கள். கம்பெனி வரும் என்று தெரிந்ததும், அடித்தளம் போடுமுன் ஊரார் மேளத்தோடு போய்ச் சாமியை அழைத்து வந்துவிட்டார்கள். எலும்பைத் தோண்ட எவருக்கும் தோன்றவில்லை. ஏன் தோன்ற வேண்டும்? சாமிதான் வந்துவிட்டாரே.

கோதண்டம் என் முழங்கையைப் பற்றித் தள்ளிக்கொண்டு போனான். "அண்ணா, கும்பிட்டுக் கேக்குறேன், இத்த இங்கிலீஷ்ல சொல்லாதே. வயசான அம்மா, அம்மாந் தூரத்துலருந்து வந்துக்குது. சாமி இங்கதான் கீறாரு. அதுல ஒண்ணும் பொய்யி இல்லியே."

"அவர்களுக்குச் சாமி வேண்டாமடா. உடல் இருக்கும் இடம் வேண்டும்."

"உடம்ப யாரு பாக்கப் போறா? படிச்சிட்டு நிம்மதியா ஊட்டுக்குப் போவட்டும்."

லித்துவேனிய வழிகாட்டி சொன்னதும் ஏறத்தாழ இதுவே. வேறுபாடு என்னவென்றால், கோதண்டம் பொய் சொல்லச் சொல்லவில்லை. நம் கணக்கில் அது முழு உண்மை. ரூத் அம்மையாரின் கணக்கில் அது வெறும் ஓடு பதித்த மேடை. நான் எந்தக் கணக்கின்படி மொழிபெயர்ப்பது? நூல் திறந்தபடி இருந்தது. நான் ஒன்றும் சொல்லாமல் நின்றிருந்தால், அவர் தம் குடும்பத்தின் ஒரே கல்லறையின்முன் வேண்டுதல் செய்துவிட்டோம் என்ற நிறைவோடு திரும்பியிருப்பார். இன்றுவரை அப்படியே இருந்திருப்பார். பேசாமலிருக்க நான் விரும்பினேன் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

"என்ன சொல்கிறார்கள்?" என்றார் அவர். "நீங்கள் நம்பாதபோது மூக்குக்கண்ணாடியைத் துடைப்பீர்கள். இப்போது மூன்றாம் முறை துடைக்கிறீர்கள்."

சொல்லிவிட்டேன். மண் இங்கே, எலும்பு அங்கே என்றேன். பிடிமண் என்றால் என்னவென்று என்னால் இயன்றவரை விளக்கினேன். 'ஒரு பிடி', 'முழுமை' என்ற இரண்டையும் ஒரே ஆங்கில வாக்கியத்தில் வைத்தபோது அது எனக்கே ஏமாற்றுப் பேச்சாக ஒலித்தது.

அவர் நூலை மூடினார். "அங்கே போவோம்."

7

ஆலை வாயிலில் காவலர் ஒருவர் இருந்தார். ஒடிசாக்காரர், இளைஞர், மரியாதை தெரிந்தவர். ரூத் அம்மையாரின் கடவுச்சீட்டை வாங்கிப் பார்த்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு, பதிவேட்டை நீட்டினார். பெயர், ஊர், வந்த நேரம், யாரைப் பார்க்க, எந்தப் பிரிவு என்று கட்டங்கள்.

ரூத் அம்மையார் தெளிவான கையெழுத்தில் நிரப்பினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'எமில்' என்று எழுதினார்.

"எமில் சார், எந்த டிபார்ட்மெண்ட் மேடம்?"

அவர் என்னைப் பார்த்தார். நான் கோதண்டத்தைப் பார்த்தேன்.

"சர்வே டிபார்ட்மெண்ட்டு" என்றான் கோதண்டம்.

காவலர் அதையும் எழுதிக்கொண்டு உள்ளே தொலைபேசினார். சிறிது நேரம் கேட்டார். வைத்துவிட்டு, "அந்தப் பேருல இங்க யாரும் இல்ல மேடம்" என்றார். அவர் மேல் குற்றமில்லை.

பிறகு அலுவலர் ஒருவர் வந்தார். நான் உண்மையைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பாதுகாப்பு விதிகளின்படி முன்னனுமதி இன்றி உள்ளே விட இயலாது, மின்னஞ்சல் அனுப்புங்கள், மேலிடத்துக்குத் தெரிவிக்கிறேன் என்றார். அந்த இடத்தில் இப்போது தளம் போட்டுச் சரக்கு அடுக்கியிருப்பதாகவும் சொன்னார். ஊர் திரும்பி இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினேன். விடை வரவில்லை.

எனவே, மண்டபத்தார் கேட்ட கேள்விக்கு என் விடை கடுமையாகவே இருக்கவேண்டும். ஒரு முதியவர் பெருந்தொலைவு வந்தார். கல்லறையைக் காணவில்லை. கண்டதாக நினைக்கவும் நான் விடவில்லை. உறவினர் அங்கே வாழ்ந்த வாழ்க்கை பற்றிக் கிடைத்தவை சங்கிலியும் ஒரு நம்பத்தகாத பன்றிக்கதையுமே. இத்தகைய பயணங்களை விற்பவர்கள் 'வேர்களைத் தொடுங்கள்' என்று விளம்பரம் செய்கிறார்கள். நாங்கள் தொட்டது ஒரு மதிற்சுவர். போகாதீர்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். அந்தச் சுவரடியில் அதன்பின் நடந்ததுதான் என்னைச் சொல்லவிடாமல் தடுக்கிறது.

கன்னியம்மா எங்களுக்கு முன்னே வரப்பில் நடந்து, சுவரின் ஓரிடத்தில் நின்று, "இங்கேருந்து நேரா. அந்த ரெண்டாவது ஷெட்டுக்கு அடியில" என்றார். ரூத் அம்மையார் சுவரைப் பார்த்து நின்று வேண்டுதலைப் படித்தார். உள்ளே ஏதோ இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது. படித்து முடித்ததும் என்னிடம் கேட்டார்.

"அவரை இங்கிருந்து எடுத்துச் சென்றபோது, அவரிடம் யாராவது சொன்னார்களா? கேளுங்கள்."

கேட்டேன். கன்னியம்மாவுக்குக் கேள்வியே வியப்பாக இருந்தது.

"கேட்டோமே! பூப் போட்டுக் கேட்டோம். வெள்ளப் பூ ஒரு பொட்டலம், செவப்புப் பூ ஒரு பொட்டலம். வெள்ள வந்தா வரேன்னு அர்த்தம். மொத தபா செவப்பு வந்துச்சு. வர மாட்டேன்னுட்டாரு. அடுத்த வெள்ளிக்கெயம திரும்பக் கேட்டோம், அப்பவும் செவப்பு. புல்டோசர்காரன் வந்து நின்னுக்கினு கீறான், நாங்க உடலியே. 'அவரு ஒத்துக்காம கை வெக்காதே'ன்னு எங்க ஊரு பொம்பளைங்க பூரா குறுக்க குந்திக்கினோம். மூணாவது வெள்ளிதான் வெள்ளப் பூ வந்துச்சு. அப்புறந்தான் மேளம் சொன்னோம்."

இதை மொழிபெயர்த்துவிட்டு, என் இயல்புப்படி ஒன்றைச் சேர்த்தேன். நிலத்தை விற்று முடித்தபின் கேட்பது கேள்வி ஆகாது. வெள்ளைப் பூ வரும்வரை கேட்டுக்கொண்டே இருந்திருப்பார்கள். நான்காம், ஐந்தாம் வெள்ளியும் காத்திருந்திருப்பார்களா என்பது ஐயமே என்றேன்.

"இருக்கலாம்" என்றார் ரூத் அம்மையார். பச்சை வளையல்கள் அணிந்த கையைச் சுவரின்மேல் வைத்திருந்தார். "என் தாத்தாவிடமும் பாட்டியிடமும் சித்திமார்களிடமும் உங்களை வேறிடத்தில் குடியமர்த்தப் போகிறோம் என்றுதான் நாஜிகள் சொன்னார்கள். ஒரு பெட்டி எடுத்துக்கொள்ளலாம் என்றும் சொன்னார்கள். போகிறீர்களா என்று மட்டும் எவரும் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கேட்கப்பட்டவர் இவர் ஒருவர்தான். மூன்று முறை."

"இன்னா சொல்றாங்க?" என்றார் கன்னியம்மா.

கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னேன். அவர் ரூத் அம்மையாரையும் என்னையும் மாறிமாறிப் பார்த்தார். நான் சரியாகத்தான் சொல்கிறேனா என்று முதன்முறையாக என்மேல் ஒருவர் ஐயம் கொண்டார்.

"இன்னாய்யா சொல்றே? கேக்காம ஒரு மனுசன எப்டி எடுத்துக்கினு போவாங்கோ?"